கையை எடுத்தாலும் பறக்கணும்: ஆர்.சி. விமானத்தை டியூன் செய்வது எப்படி?

(ஒலிப்பதிவிலிருந்து தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன ரெண்டு எபிசோட்ல ஆர்.சி. விமானம் கட்டுறதைப் பத்திப் பேசினோம். எந்த ஃபோம் ஷீட் வாங்கலாம், எந்த மோட்டாருக்கு எந்த புரொப்பெல்லர், தெர்மாகோல்ல ஃபெவிக்விக் விட்டா ஏன் அது கரைஞ்சு பள்ளம் விழுது, இதெல்லாம் பார்த்தோம். அதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல அதிகம் பேர் கேட்டது ஒண்ணுதான். "கட்டி முடிச்சாச்சு. முதல் தடவை பறக்க விடும்போது உடையாம இருக்க என்ன செய்யணும்?"

நியாயமான கேள்வி. மூணு வாரம் உட்கார்ந்து கட்டினது உடைய மூணு செகண்ட் போதும். அதைவிட வருத்தமான விஷயம், முதல் நாளே உடைச்சவங்கள்ல பல பேர் திரும்ப வர்றதே இல்லை. "நமக்குக் கை வரலை" என்று முடிவு செய்து, டிரான்ஸ்மிட்டரைப் பரண்ல ஏத்திடறாங்க. நான் களத்துல பார்த்த வரைக்கும், அதுல பாதிக்கு மேல கையில எந்தக் குறையும் கிடையாது. விமானம் சரியா அமைக்கப்படலை, அவ்வளவுதான். யாராவது அதைச் சொல்லியிருந்தா அவங்க இன்னைக்கும் பறந்துட்டு இருப்பாங்க.

அதனால இன்னைக்கு டியூனிங். ஒரே வரியில சொல்லணும்னா: மட்டமா, நேரா பறந்துட்டு இருக்கும்போது ஸ்டிக்ல இருந்து கையை எடுத்தா, விமானம் தன் பாட்டுக்குப் பறக்கணும். அந்த நிலைக்கு அதைக் கொண்டு வர்றதுதான் டியூனிங். பறக்கத் தெரிந்தவர் அதைக் கட்டைவிரலால் சமாளித்துக் காட்டுவது டியூனிங்கில் சேராது. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இன்னைக்கு முழுக்கப் பேசப் போறோம்.

சமாளிக்க முடியாத காலம்

இதைப் புரிஞ்சுக்க கொஞ்சம் பின்னால போகலாம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்று ஓர் ஊர். அங்கே வால்டர் குட், வில்லியம் குட் என்று இரட்டைச் சகோதரர்கள். 1937-ல் அவர்கள் ரேடியோ மூலம் கட்டுப்படுத்திப் பறக்க விட்ட விமானத்தின் பெயர் 'கஃப்'. ஆர்.சி. விமான வரலாற்றில் வெற்றிகரமான தொடக்கம் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது.

அந்தக் காலத்துக் கட்டுப்பாடு எப்படின்னா, முறுக்கின ரப்பர் பேண்டால இயங்குற 'எஸ்கேப்மென்ட்' என்று ஒரு சின்ன அமைப்பு. பட்டனை அழுத்தினா ரட்டர் ஒரு பக்கம் முழுசா திரும்பும். விட்டா நடுவுக்கு வரும். கொஞ்சமா திருப்புறது, மெதுவா பிடிச்சு வைக்கிறது, இதெல்லாம் கிடையாது. அதுக்கு அப்புறம் ரொம்ப வருஷத்துக்கு வந்த சிங்கிள் சேனல் கருவிகளும் இதே கதைதான்.

யோசிச்சுப் பாருங்க. இழுத்துப் பிடித்துச் சமாளிக்க வழியே இல்லை. விமானம் தானாக நிலையாகப் பறந்தால்தான் உண்டு. பறந்து கொண்டே இருக்கும் விமானத்துக்கு ரேடியோ ஒரு சின்னக் குறிப்பு கொடுக்கும், அவ்வளவுதான். அதனால அவங்க கையால வீசி, கிளைடு பண்ண விட்டு, மெழுகும் ஈயமும் ஒட்டி, வால்ல மெல்லிய மரச்சில்லு வெச்சு, மணிக்கணக்கா சரி பண்ணுவாங்க. இன்னைக்கு நம்ம கையில ஆறு சேனல், எட்டு சேனல் இருக்கு. எலிவேட்டரை ஒரு மில்லிமீட்டர் அசைக்கலாம். இந்த வசதி வந்ததால, சரியில்லாத விமானத்தையும் ஓட்ட முடியுது. நம்ம பிரச்சினை அங்கேதான் தொடங்குது.

முதல் வேலை: எடை மையம்

எதையும் தொடுறதுக்கு முன்னாடி இது. ஆங்கிலத்துல சி.ஜி. என்று சொல்வது. தமிழில் ஈர்ப்பு மையம், இல்லேன்னா சும்மா எடை மையம் என்று வெச்சுக்கலாம். விமானத்தை எந்தப் புள்ளியில் தாங்கினால் மூக்கும் வாலும் சாயாமல் நிற்குமோ, அந்தப் புள்ளி.

அளக்கிறது சுலபம். பேட்டரி, புரொப்பெல்லர், எல்லாம் மாட்டி, பறக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே வையுங்க. இறக்கையின் அகலத்தை, அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை, அளந்துக்கோங்க. 20 சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். சாதாரண நேர் இறக்கை டிரெய்னருக்கு எடை மையம் அந்த அகலத்தில் 25-லிருந்து 33 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதாவது முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6.6 சென்டிமீட்டர். முதல் பறத்தலுக்கு அதுலயும் முன்பக்கமா, 5-க்கும் 6-க்கும் நடுவுல வையுங்க. ரெண்டு பக்கமும் பென்சில்ல கோடு போட்டு, ரெண்டு ஆள்காட்டி விரல் நுனியால அந்தக் கோட்டுல தூக்கிப் பாருங்க. மட்டமா நிக்கணும், இல்ல மூக்கு லேசா கீழே பார்க்கணும். வால் தொங்கினா அன்னைக்குப் பறக்கவே கூடாது.

கிளோ இன்ஜின் வெச்சிருக்கிறவங்க டேங்கைக் காலியா வெச்சு அளக்கணும். டேங்க் முன்னால இருக்கு. எரிபொருள் தீரத் தீர எடை மையம் பின்னால நகரும். இறங்கும் நேரத்துல அது எங்கே இருக்கும் என்பதுதான் நமக்கு முக்கியம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? காற்று அடிச்சு மூக்கு கொஞ்சம் மேலே தூக்குதுன்னு வைங்க. அப்போ இறக்கையிலும் வாலிலும் மேல்நோக்கு விசை கூடும். கூடும் அந்த விசை எடை மையத்துக்குப் பின்னால் விழுந்தால், மூக்கைத் திரும்பக் கீழே இறக்கும். விமானம் தானா திருந்திக்கும். அதுவே எடை மையம் ரொம்பப் பின்னால போய், கூடுற விசை அதுக்கு முன்னால விழுந்தா, தூக்கின மூக்கை இன்னும் தூக்கும். அது இன்னும் விசையைக் கூட்டும். ஒரு நொடிக்குள்ள விமானம் செங்குத்தா நிக்கும். நம்ம கண் பார்த்து, மூளை யோசிச்சு, விரல் அசையறதுக்குள்ள கதை முடிஞ்சிடும்.

இந்தப் பொழுதுபோக்கில் உலகம் முழுக்கச் சொல்ற ஒரு வசனம் உண்டு: மூக்கு கனமான விமானம் மோசமா பறக்கும். வால் கனமான விமானம் ஒரே ஒரு தடவை பறக்கும்.

சரி பண்ண எடை சேர்க்க வேண்டாம். முதல்ல பேட்டரியை நகர்த்துங்க. 3 செல் 2200 எம்.ஏ.எச். லிப்போ ஏறத்தாழ 180 கிராம். மொத்த விமானம் 900 கிராம் என்றால் பேட்டரி அதில் ஐந்தில் ஒரு பங்கு. அப்போ பேட்டரியை 2 சென்டிமீட்டர் முன்னால தள்ளினா, எடை மையம் 4 மில்லிமீட்டர் முன்னால வரும். கணக்கு அவ்வளவுதான். ஈயம் ஒட்டுறது கடைசி வழி.

பக்கவாட்டையும் பாருங்க. மோட்டார் ஷாஃப்டை ஒருத்தர், வால் நுனியை ஒருத்தர் பிடிச்சுத் தூக்கினா, ஒரு இறக்கை திரும்பத் திரும்பத் தாழுதா? எதிர்ப்பக்க நுனியில ஒரு நாணயத்தை டேப் போட்டு ஒட்டுங்க. போதும்.

மேசை மேலே முடிக்க வேண்டியவை

அடுத்த வேலையெல்லாம் வீட்டுல, மேசை மேல. முதல் விதி: புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். 1000 கே.வி. மோட்டார் என்றால் ஒரு வோல்ட்டுக்கு 1000 சுற்று. 3 செல் பேட்டரி 11.1 வோல்ட். கணக்கு போட்டுப் பாருங்க. புரொப்பெல்லர் மாட்டினா அதைவிடக் குறையும், ஆனாலும் அது பிளேடுதான். த்ராட்டில்ல முழங்கை பட்டு மோட்டார் ஓட ஆரம்பிச்சா, விரல்ல தையல் போடுற அளவுக்கு ஆகும்.

ரெண்டாவது, திசை. விமானத்துக்குப் பின்னால நின்னு பாருங்க. ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினா வலது எய்லரான் மேலே போகணும், இடது எய்லரான் கீழே போகணும். எலிவேட்டர் ஸ்டிக்கை உங்க பக்கம் இழுத்தா எலிவேட்டர் மேலே வரணும். ரட்டர் வலதுன்னா வலது. "இது தெரியாதா?" என்று நினைப்பீங்க. எய்லரான் தலைகீழா இருக்க, அப்படியே டேக் ஆஃப் ஆன விமானங்களை எல்லாக் களத்திலும் பார்க்கலாம். வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செக் பண்ணுங்க: வலது, வலது மேலே. இழு, மேலே.

மூணாவது, நடுநிலை. சர்வோ ஹார்ன் 90 டிகிரில இருக்கணும். இல்லேன்னா ஹார்னைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுங்க. அப்புறம் கம்பியோட நீளத்தைச் சரி பண்ணுங்க. கடைசியா மிச்சம் இருக்கிற துளி வித்தியாசத்துக்கு மட்டும் சப்-டிரிம். நிறையப் பேர் இதைத் தலைகீழா செய்றாங்க. கோணலா மாட்டிட்டு, டிரான்ஸ்மிட்டர்ல சப்-டிரிம்மை எக்கச்சக்கமா ஏத்திடறாங்க. அப்போ ஒரு பக்கம் அதிகமாவும் மறுபக்கம் குறைவாவும் அசையும். கணினிப் பக்கம் கோணலை மறைக்குது, கோணல் அப்படியே இருக்கு.

நாலாவது, ஃபெயில்சேஃப். சிக்னல் போனா மோட்டார் நிற்கணும். அப்படி செட் பண்ணி, விமானத்தைப் பிடிச்சுக்கிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைச்சுப் பாருங்க. மோட்டார் நிக்குதா? அப்புறம் களத்துல ரேஞ்ச் செக். அந்த மோடில் கருவி சக்தியைக் குறைத்து அனுப்பும். கையேட்டில் சொன்ன தூரம், பெரும்பாலும் 30 தப்படி, நடந்து போய் எல்லா சர்வோவும் சீரா அசையுதான்னு பாருங்க.

களத்தில்

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்லுவாங்க. 900 கிராம் ஃபோம் விமானம் என்ன ஆகும்? முதல் பறத்தலுக்கு விடியற்காலைதான் சரி. சென்னைப் பக்கம் கடற்காற்று ஏறுறதுக்குள்ள முடிச்சிடணும். கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிறவங்களுக்கு, தென்மேற்குப் பருவக்காற்று சமயத்துல பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. வத்தின ஏரி, கல்லூரி மைதானம், எங்கேயா இருந்தாலும் மின்கம்பி எந்தப் பக்கம்னு முதல்ல பாருங்க. பருந்து வட்டம் போடுதான்னும் பாருங்க. அது உங்க விமானத்தைத் தன் எல்லைக்குள்ள வந்த இன்னொரு பறவையா எடுத்துக்கும்.

காற்றுக்கு எதிரா ஏத்துங்க. மூணு தென்னை மர உயரம் போற வரைக்கும் டிரிம்மைத் தொடாதீங்க. அங்கே பாதி த்ராட்டிலுக்கு வந்து, மட்டமா, நேரா பிடிங்க. இப்போ ஸ்டிக்கை விடுங்க. ஒரு செகண்ட் போதும். எந்தப் பக்கம் சாயுது? அதுக்கு எதிர்ப்பக்கம் ரெண்டு கிளிக் டிரிம். மறுபடி பிடிங்க, மறுபடி விடுங்க. அஞ்சு செகண்ட் கையை எடுத்தாலும் மட்டமா போற வரைக்கும் இதேதான். முதல் பறத்தல்ல லூப் வேண்டாம், ரோல் வேண்டாம், தாழ்வா பறந்து போட்டோவும் வேண்டாம். இந்த ஒரு வேலை மட்டும்.

உயரத்துல இருக்கும்போதே இன்னொண்ணு செய்யுங்க. த்ராட்டிலைக் குறைச்சு, மெதுவா எலிவேட்டரை இழுத்து, ஸ்டால் ஆக விடுங்க. மூக்கு நேரா தாழுதா, ஒரு இறக்கை சரியுதா? எந்த வேகத்துல சரியுது? இறங்கும்போது அந்த வேகத்துக்குக் கீழே போகக் கூடாதுன்னு கண்ணால பழகிக்கணும். இதைத் தெரிஞ்சுக்க வேண்டிய இடம் உயரம். தரைக்கு ரெண்டு மீட்டர் மேலே வந்து தெரிஞ்சுக்கிட்டா பிரயோஜனம் இல்லை.

இறக்கினதும், டிரிம் எத்தனை கிளிக் போயிருக்குன்னு பாருங்க. நிறையப் போயிருந்தா, கம்பியோட நீளத்தை மாத்தி, டிரிம்மை நடுவுக்குக் கொண்டு வாங்க.

"சூப்பரா பறக்குது தம்பி"

இப்போ ஒரு சம்பவம். எங்க களத்துக்கு ஒரு கல்லூரி மாணவர் வந்தார். அவரே வரைஞ்சு, அவரே வெட்டிக் கட்டின விமானம். ஹாஸ்டல் செலவுல மிச்சம் பிடிச்சு மோட்டாரும் ரேடியோவும் வாங்கியிருக்கார். ரொம்ப நாள் உழைப்பு. களத்துல அனுபவசாலி ஒருத்தர்கிட்ட, "அண்ணா, முதல் ரவுண்டு நீங்க பறந்து காட்டுங்க" என்று கொடுத்தார். முறையான வேலைதான், முதல் பறத்தலை அனுபவசாலிகிட்ட கொடுக்கிறதுதான் நல்லது.

அவர் ஏத்தினார். ரெண்டு சுற்று, ஒரு அழகான லேண்டிங். "சூப்பரா பறக்குது தம்பி. எலிவேட்டர் மட்டும் கொஞ்சம் ஷார்ப்பா இருக்கு, பார்த்துக்கோ" என்று திருப்பிக் கொடுத்துட்டார். நான் பக்கத்துல நின்னு அவர் விரலைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். அந்த ரெண்டு நிமிஷமும் வலது கட்டைவிரல் ஓயவே இல்லை. துளித்துளியா முன்னால, பின்னால, முன்னால, பின்னால. அவருக்கே அது தெரியலை. இருபது வருஷப் பழக்கம், விரல் தானா செய்யுது. என்ன விஷயம்னு நான் கேட்கிறதுக்குள்ள பையன் த்ராட்டிலை ஏத்திட்டார்.

பத்து அடி உயரம். லேசா இழுத்தார், எல்லாரும் இழுக்கிற அளவுதான். மூக்கு நேரா வானத்தைப் பார்த்துச்சு, வேகம் போச்சு, இடது இறக்கை சரிஞ்சுது, முடிஞ்சுது. மோட்டார் ஷாஃப்ட் வளைஞ்சு, மூக்கு நொறுங்கி, இறக்கை ரெண்டு துண்டு. பையன் சொன்ன முதல் வார்த்தை: "எனக்கு ஓட்டத் தெரியலைண்ணா."

உடைஞ்ச துண்டுகளை டேப் போட்டுச் சேர்த்து, பேட்டரியை இருந்த இடத்துல வெச்சு, விரல்ல தூக்கிப் பார்த்தோம். இறக்கை அகலம் 20 சென்டிமீட்டர். எடை மையம் 8.5 சென்டிமீட்டர்ல நின்னுது. 42 சதவீதத்துக்கும் மேல. மூக்கைச் சின்னதா வரைஞ்சிருந்ததால பேட்டரி இறக்கைக்கு அடியில போயிருக்கு. "எலிவேட்டர் ஷார்ப்பா இருக்கு" என்று அவர் சொன்னாரே, அது எலிவேட்டர் இல்லை. எடை மையம் பேசினது. அனுபவசாலியோட விரல் அதை மறைச்சு வெச்சிருந்தது.

அந்த அனுபவசாலி பெரிய மனுஷன். அங்கேயே உட்கார்ந்து, பையனோட சேர்ந்து கணக்குப் போட்டார். 900 கிராம் விமானம், 180 கிராம் பேட்டரி. எடை மையம் 6 சென்டிமீட்டருக்கு, அதாவது 30 சதவீதத்துக்கு வரணும்னா, பேட்டரி 12.5 சென்டிமீட்டர் முன்னால போகணும். மூக்கை நீட்டி, வேற ஃபோம்ல கட்டி, மூணு வாரம் கழிச்சு அதே பையன் வந்தார். இந்தத் தடவை அவரே ஏத்தினார். உயரத்துல போய் ரெண்டு கையையும் டிரான்ஸ்மிட்டர்ல இருந்து தூக்கிக் காட்டினார். விமானம் தன் பாட்டுக்குப் போய்க்கிட்டிருந்தது. மூணு வாரத்துல அவர் கை மாறிடலை. அவர் நடுவுல பறக்கவே இல்லை.

அதனால அனுபவசாலிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தவங்க விமானத்தைப் பறந்து பார்த்தா, "நல்லா பறக்குது" என்று சொல்லாதீங்க. உயரத்துல கையை எடுத்துப் பாருங்க. எடுத்தப்போ என்ன செஞ்சுதுன்னு அதைச் சொல்லுங்க.

நுணுக்கமான டியூனிங்

அடிப்படை சரியானதும் ரெண்டு சோதனை. ஒண்ணு, டைவ் டெஸ்ட். நல்ல உயரத்துல, பாதி த்ராட்டில்ல டிரிம் ஆன நிலையில, த்ராட்டிலை மூடி, 45 டிகிரில கீழே செலுத்தி, ஸ்டிக்கை விடுங்க. சட்டுன்னு மூக்கைத் தூக்கி மேலே வந்தா, மூக்கு கனம் அதிகம். போற பாதையிலேயே போய் மெதுவா நிமிர்ந்தா, சரியா இருக்கு. இன்னும் செங்குத்தா மடங்கினா, வால் கனம். உடனே இழுத்து எடுத்து, இறக்கி, பேட்டரியை முன்னால தள்ளுங்க. ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல நகர்த்தாதீங்க.

ரெண்டாவது, மோட்டார் கோணம். மட்டமா போகும்போது முழு த்ராட்டில் கொடுங்க. மெதுவா ஏறினா பரவாயில்லை, மேல்-இறக்கை டிரெய்னர் அப்படித்தான். சட்டுன்னு மூக்கைத் தூக்கினா மோட்டார் இன்னும் கொஞ்சம் கீழே பார்க்கணும். மவுண்ட்டோட மேல் திருகுகளுக்கு அடியில ஒரு வாஷர் போடுங்க. இடது பக்கம் இழுத்தா, இடது திருகுகளுக்கு வாஷர். மோட்டார் வலது பக்கம் திரும்பும். ரெண்டு, மூணு டிகிரி போதும். இதை எலிவேட்டர் டிரிம்ல சரி பண்ணக் கூடாது. பண்ணினா முழு த்ராட்டில்ல சரியா இருக்கும், த்ராட்டிலைக் குறைச்சதும் மூக்கு கவிழும். எந்தக் குறைக்கு எது காரணமோ, அங்கேதான் கை வைக்கணும்.

அதனாலதான் வரிசை முக்கியம். எடை மையம், திசை, நடுநிலை, டிரிம், மறுபடி எடை மையம், மோட்டார் கோணம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். ரெண்டை ஒண்ணா மாத்தினா, எது வேலை செஞ்சுதுன்னு தெரியாது. ஒரு சின்ன நோட்டு வெச்சு எழுதுங்க.

டூயல் ரேட், எக்ஸ்போ எல்லாம் இதுக்கு அப்புறம்தான். எக்ஸ்போ என்பது ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்குவது. ஆரம்பத்துல 30 சதவீதம் நல்லது. ஒரு எச்சரிக்கை: ஃபியூட்டாபால மைனஸ் கொடுத்தா மென்மையாகும், ஸ்பெக்ட்ரம்ல பிளஸ் கொடுத்தா மென்மையாகும். நண்பரோட அளவை அப்படியே காப்பி அடிக்காதீங்க. திரையில வளைவைப் பார்த்துட்டு செட் பண்ணுங்க.

அடுத்து எல்லாரும் கேட்கிற கேள்வி, "ஜைரோ போட்டா போதாதா?" ஜைரோ நல்ல கருவி. காத்து அடிக்கிற நாள்ல ரொம்ப உதவும். ஆனா அது என்ன செய்யுது? அந்த அனுபவசாலியோட கட்டைவிரல் செஞ்ச அதே வேலையை, இன்னும் வேகமா செய்யுது. வால் கனமான விமானத்துல ஜைரோ போட்டா, எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தெரியும், அது நிற்கிற நொடி வரைக்கும். அதனால முதல்ல ஜைரோவை ஆஃப் பண்ணி டியூன் பண்ணுங்க. அப்புறம் ஆன் பண்ணுங்க.

அட்லாண்டிக்கைத் தாண்டின விமானம்

நல்லா டியூன் பண்ணின மாடல் விமானம் எவ்வளவு தூரம் போகும்? 2003 ஆகஸ்ட்ல மேனார்ட் ஹில் என்கிற அமெரிக்கரின் குழு, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள கேப் ஸ்பியரிலிருந்து ஒரு விமானத்தை ஏத்தினாங்க. பெயர் டேம்-5. பால்சா மரத்தில் கட்டியது, மொத்த எடை 5 கிலோவுக்குள். அந்த எடையில் பாதிக்கு நெருக்கமாக எரிபொருளே. ஏறத்தாழ 39 மணி நேரம், 3,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து அயர்லாந்துக் கரையில் இறங்கியது. ஏத்தவும் இறக்கவும்தான் மனிதக் கை. நடுவுல ஜி.பி.எஸ். துணையோட ஆட்டோபைலட்.

ஆட்டோபைலட் இருந்ததே, அப்புறம் டியூனிங் எதுக்கு என்று கேட்கலாம். எடையில பாதி எரிபொருள். அது கொஞ்சம் கொஞ்சமா தீருது. டேங்க் இடம் மாறி இருந்தா எடை மையம் வழியெல்லாம் நகர்ந்துகிட்டே இருக்கும். கட்டுப்பாட்டுப் பரப்பு கொஞ்சம் வளைஞ்சு நின்னாலே காற்றுத்தடை கூடும், எரிபொருள் கரை வரைக்கும் வராது. சமாளிச்சுப் பறக்கிற விமானத்துக்கு 39 மணி நேரம் தாங்காது. ஹில்லுக்கு அப்போ எழுபது வயசுக்கு மேல. கண் பார்வையும் காதும் பெருமளவு போயிருந்தது. அவர் நம்பினது தன் விரலை இல்லை, விமானத்தை.

கடைசியா சில வார்த்தை

சட்டத்தையும் சொல்லிடறேன். இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகள் நமக்கும் பொருந்தும். கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு போன்றவற்றுக்காகக் கண் பார்வைக்குள் ஓட்டும், 25 கிலோவுக்கு மிகாத விமானங்களை அதில் 'மாடல்' வகையாகத் தனியே குறிப்பிட்டிருக்கிறார்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். போகும் இடத்தை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பாருங்க. விதிகள் மாறும், அதனால ஒவ்வொரு புது இடத்துக்கும் புதுசா பாருங்க. வேடிக்கை பார்க்க வர்ற குழந்தைகளை உங்களுக்குப் பின்னால நிறுத்துங்க. அவங்க தலைக்கு மேல பறக்காதீங்க. டியூன் ஆகாத விமானம் எங்கே போகும்னு ஓட்டுறவருக்கே தெரியாது.

வர்ற ஞாயிற்றுக்கிழமை களத்துக்குப் போறதுக்கு முன்னாடி, சனிக்கிழமை ராத்திரி ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. பேட்டரி மாட்டி, புரொப்பெல்லர் அசையாம பார்த்துக்கிட்டு, ரெண்டு விரல்ல தூக்கிப் பாருங்க. ரொம்ப நாளா பறந்துட்டு இருக்கிற விமானமா இருந்தாலும் தூக்கிப் பாருங்க. பேட்டரி மாத்தியிருப்பீங்க, வால்ல பசை போட்டு ஒட்டியிருப்பீங்க, கேமரா வெச்சிருப்பீங்க. எங்கே நிக்குதுன்னு கோட்டோட ஒப்பிட்டுப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல லிப்போ பேட்டரி: ஏன் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்ல வெச்சுப் பாதுகாக்கணும், உப்பிப்போன பேட்டரியை என்ன செய்றது. உங்க நோட்டுல எழுதின அளவுகளை அனுப்புங்க, அதையும் பேசலாம்.